கிட்டங்கியில் பிறந்த இதழ்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு அரபியில் ‘மக்ஸன்’ என்று பெயர், பன்மையில் ‘மகாஸின்’. ஆங்கில ‘மேகஸின்’ முளைத்த வேர் இதுதான். மத்தியதரைக்கடல் வணிகத்தோடு இத்தாலி, பிரான்ஸ் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது இன்று கடை. ஆங்கிலேயருக்கோ வெடிமருந்துக் கிடங்காகவும் ஆயிற்று. 1857 கிளர்ச்சியின்போது டெல்லியில் அவர்களே வெடிவைத்துத் தகர்த்தது அப்படியொரு மேகஸினைத்தான். துப்பாக்கியில் தோட்டாக்கள் இருக்கும் பகுதிக்கும் அதே பெயர்.

பத்திரிகைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் எட்வர்ட் கேவ். 1731-இல் லண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ தொடங்கியபோது, பலவற்றையும் சேர்த்துவைக்கும் களஞ்சியம் என்பதே அவர் கொண்ட பொருள்.

வேடிக்கை என்னவென்றால், அரபியில் வார, மாத இதழுக்குப் பெயர் ‘மஜல்லா’. துபாய் புத்தகக் கடையில் ‘மக்ஸன்’ கேட்டால் சரக்கறைக்குத்தான் கை காட்டுவார்கள்!

வளைகுடாவில் நம்மவர் வாயில் புழங்கும் ‘கோடவுன்’? மலாய் ‘குடாங்’ வழியே ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. அதற்கும் மூலம் நம் ‘கிடங்கு’ ஆகலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.