பந்தயக்காரனுக்கு ஓய்வு உண்டா?



மேற்கே மலையில் மேகம் கூடி, சங்கரன்கோவில் வரைக்கும் குளிர்ந்த காற்று வீசுகிற நாட்களில் வாலிபர் நடுவே எழும்புகிற கேள்வி ஒன்று உண்டு. சைக்கிள் பந்தயத்திற்கு ஆயத்தமாகிற ஒரு தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன்னே எழும்பி ராஜபாளையம் ரோட்டில் மிதித்துவிட்டு வருகிறான். பயிற்சியாளர் சனி, ஞாயிறு இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டார். குற்றாலத்தில் சாரல் விழா. கலை நிகழ்ச்சி, படகுப் போட்டி, அருவிக் குளியல். "வாடா, ரெண்டு நாள்தானே" என்று கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

சிலர், "விசுவாசிக்கு விழா எதற்கு? அந்த நேரத்தில் உபவாசித்து ஜெபிக்கலாமே" என்பார்கள். வேறு சிலர், "ஐந்து நாள் கஷ்டப்பட்டான், அந்த ரெண்டு நாள் அவனுடையது, என்ன வேணும்னாலும் செய்யட்டுமே" என்பார்கள். இரண்டு பதிலிலும் குறை இருக்கிறது.

ஓய்வு மனிதன் கண்டுபிடித்த சோம்பல் அல்ல. ஊழியத்திலிருந்து திரும்பின சீஷர்கள் சாப்பிடவும் நேரமில்லாமல் இருந்தபோது, தனித்துப் போய்க் கொஞ்சம் இளைப்பாறும்படி சொன்னவர் நம் ஆண்டவரே (மாற்கு 6:31). சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் பிரயாணம் (1 இராஜாக்கள் 19). சரீரமும் இதற்குச் சாட்சி சொல்லுகிறது. கடும் பயிற்சியில் தசைநார்கள் நைந்துபோகின்றன. அவை பழுதுபார்க்கப்பட்டுப் பலப்படுவது ஓய்விலேதான். ஓய்வே எடுக்காதவன் நாளுக்கு நாள் வேகம் குறைவான். கானாவூர் கல்யாணத்திற்குப் போன ஆண்டவர் சந்தோஷத்தின் விரோதி அல்லவே!

ஆனால், பிரியமானவர்களே, ஓய்வு நாளில் அந்தத் தம்பி யார்? பந்தயக்காரன்தானா, இல்லையா?

நம் பக்கத்தில் சாரல் விழுகிற அதே ஜூலை மாதத்தில்தான் பிரான்ஸ் தேசத்தில் 'டூர் டி பிரான்ஸ்' என்ற உலகப் பிரசித்தி பெற்ற சைக்கிள் பந்தயம் நடக்கிறது. 2010-ல் அதன் தூரம் ஏறக்குறைய 3,600 கிலோமீட்டர். மூன்று வாரத்தில் ஓய்வு நாட்கள் இரண்டே இரண்டு. அந்த நாளிலும் வீரர்கள் கால்கள் இறுகிப்போகாதபடி கொஞ்ச நேரம் மெதுவாக மிதிப்பார்கள். அந்த வருஷம் ஸ்பெயின் தேசத்து ஆல்பர்ட்டோ கன்டடோர் 39 விநாடி வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார். ஆனால் ஜூலை 21-ம் தேதி, போ என்ற ஊரில், ஓய்வு நாளில் எடுத்த அவருடைய சிறுநீரில் கிளென்புட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லி லிட்டரில் 50 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கி, அதில் 50 பங்கு! சாப்பிட்ட மாட்டிறைச்சியின் வழியாக வந்தது என்றார் அவர். விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேண்டுமென்றே எடுத்தார் என்றும் அது தீர்க்கவில்லை. ஆனாலும் 2012 பிப்ரவரியில் பட்டம் பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த ஆன்டி ஷ்லெக்கிற்குப் போய்விட்டது.

கவனியுங்கள்! பரிசோதனை நடந்தது மலையேற்றத்தில் அல்ல, ஓய்வு நாளில். பந்தயத்திற்கு லீவு உண்டு, பந்தயக்காரன் என்பதற்கு லீவு இல்லை. பந்தயத்திற்குப் போராடுகிறவன் எல்லாக் காரியத்திலும் இச்சையடக்கமாயிருக்கிறான் என்று பவுல் அப்போஸ்தலன் எழுதினது (1 கொரிந்தியர் 9:25) இதைத்தான். 'எல்லா' என்பதில் சனிக்கிழமை சாயங்காலமும் அடக்கம். ராஜாக்கள் யுத்தத்திற்குப் போகிற காலத்தில் தாவீது எருசலேமில் தங்கிவிட்டான். அவன் விழுந்தது போர்க்களத்தில் அல்ல, சாயங்காலம் உலாவின மாடியில் (2 சாமுவேல் 11).

ஆகையால் தம்பி, 'போகலாமா' என்பதோடு நிறுத்தாதே. யாரோடு போகிறாய்? உன் வாயிலும் கண்ணிலும் எதை உள்ளே விடப்போகிறாய்? ஞாயிறு ஆராதனையில் உன் இடம் காலியாய் இருக்குமா? திங்கட்கிழமை விடியலில் முழுப் பெலத்தோடு சைக்கிள் ஏறவும், சுத்த மனச்சாட்சியோடு முழங்கால்படியிடவும் முடியுமா? முடியுமென்றால் போய், அருவியைப் படைத்தவரைத் துதித்துவிட்டு வா.

குடும்பத்தோடு போகிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு மணிக்கே எழுந்து புளியோதரை கிண்டிக் கட்டிக் கொடுக்கிற அம்மாவுக்கு ஓய்வு எப்போது? வாரமெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் நின்றவருக்கு எப்போது? ஓய்வுநாள் கற்பனையிலே வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும்கூட இளைப்பாறவேண்டும் என்று கர்த்தர் சேர்த்தே கட்டளையிட்டார் (உபாகமம் 5:14). ஒருவர் முதுகின்மேல் ஏறி மற்றவர் எடுப்பது தேவன் தந்த ஓய்வு அல்ல.

நம் ஓட்டம் இன்னும் முடியவில்லை. இளைப்பாறுங்கள், ஆனால் கிரீடத்தை மறந்து இளைப்பாறாதிருங்கள். ஒருவரும் பார்க்காத ஓய்வு நேரத்திலும் நம்மைப் பரிசுத்தமாய்க் காக்கப் பரிசுத்த ஆவியானவர் வல்லவர். ஆமென். மாரநாதா!