ஏசாவின் அழுகை



போன மாதம் நம் சபையில் ஒரு தம்பி சாட்சி சொன்னான். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவன். சோழிங்கநல்லூரில் அமெரிக்கக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலையைச் செய்துகொடுக்கும் ஆபீஸில் சேர்ந்திருக்கிறான். கர்த்தர் வாசலைத் திறந்தார் என்றபோது சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. நானும்தான்.

கூட்டம் முடிந்து தனியாய் வந்தான். "பாஸ்டர், ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்த வேலையை எனக்கு ஆறு வாரம் கத்துக்கொடுத்தவரு அமெரிக்காவுல இருக்கிற பெரியவர். திரையிலதான் பார்த்தேன். கடைசி நாள், 'நாளையிலேர்ந்து எனக்கு வேலையில்லப்பா, நீ நல்லா செய்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னையிலேர்ந்து எனக்கு ஜெபமே வரல."

எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி ஆதியாகமம் 27-ஐத் திறந்தேன். யாக்கோபு பெற்ற ஆசீர்வாதத்தைப் பற்றி எத்தனை தரம் பிரசங்கித்திருப்பேன்! அவன் கூடாரத்தை விட்டுப் போனதும் ஏசா வருகிறான். 34-ம் வசனத்தில் கசந்துபோய்க் கதறி அழுகிறான். அந்த அழுகையை நான் ஒரு நாளும் பிரசங்கித்ததில்லை. (நம் தம்பி யாரையும் ஏமாற்றவில்லை. அது எனக்குத் தெரியும். கணக்குப் போட்டவர்கள் முதலாளிகள்.)

2014 அக்டோபரில் ஆர்லாண்டோ பட்டணத்தில் டிஸ்னி நிறுவனம் சுமார் 250 கம்ப்யூட்டர் ஊழியர்களுக்கு வேலை போகிறது என்று சொன்னது. அவர்களில் பலர் போகுமுன், தங்கள் இடத்துக்கு வந்த இந்தியர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் 2016 பிப்ரவரியில் அமெரிக்க செனட் குழு முன்னே சாட்சி சொல்லும்போது தொண்டை அடைத்துக் கண்கலங்கினார். அதுவும் சாட்சிதானே, தேவ ஜனமே! அதற்கு யார் அல்லேலூயா சொல்வது?

லாபான் யாக்கோபின் சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினான். வாங்கினவனும் தப்பவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது நம் ஓ.எம்.ஆர். வீடுகளில் எத்தனை பேருக்குத் தூக்கமில்லை! மலிவாய் எங்கே கிடைக்குமோ அங்கே வேலை போகும். இயந்திரமே செய்யுமானால் இயந்திரத்திடம் போகும்.

தம்பியிடம் அந்தப் பெரியவர் பேரைக் கேட்டேன். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். "அவரு விசுவாசியான்னு தெரியாது பாஸ்டர்" என்றான். பரவாயில்லப்பா என்றேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், வேலையிழந்த நம் சபையார் இருவரின் பேரோடு அந்தப் பேரையும் வாசிக்கப்போகிறோம். உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் யாராவது உண்டானால், பேரை எழுதி எடுத்து வாருங்கள்.