ஓஸுவின் நிதானமும் நம் பெருமையும்

யாஸுஜிரோ ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) நான் மூன்றாவது முறை பார்த்தது ஒரு பிலிம் சொஸைட்டி காட்சியில். பாதியில் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்திலிருந்த நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

மெதுவாக நகரும் அந்நிய மொழிப் படங்களின் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு எப்படியோ நம்மைப் பற்றியதாகிவிடுகிறது. நமக்குப் பொறுமை உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. ஆள் வெளியேறிய பிறகும் காலி அறையைக் காட்டிக்கொண்டிருக்கும் ஷாட்டில் நாம் எதையோ காண்கிறோம். கூட்டம் கொட்டாவி விடுகிறது. ரசனை இப்படி நன்னடத்தைச் சான்றிதழாகிவிடுகிறது. யாரும் நம்மிடம் எதையும் கேட்காத இருட்டில் இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஒரு நற்குணமா?

ஒனோமிச்சியிலிருந்து ஒரு வயோதிகத் தம்பதி டோக்கியோவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊர் திரும்பியதும் தாய் இறந்துபோகிறாள். கதை அவ்வளவுதான். டாக்டரான மூத்த மகனும் அழகு நிலையம் நடத்தும் மகள் ஷிகேயும் பெற்றோரை அடாமி என்ற கடலோர ஊருக்குத் தங்கள் செலவில் அனுப்பிவைக்கிறார்கள். அவர்களால் பணம் கொடுக்க முடிகிறது, பொழுதைக் கொடுக்க முடியவில்லை. போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோ மட்டும் ஆபீஸில் ஒருநாள் லீவு கேட்டு அவர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டுகிறாள்.

ஓஸுவின் காமிரா தரையையொட்டித் தாழ்ந்திருக்கிறது, அசைவது அபூர்வம். அடாமியில், இரவெல்லாம் இளைஞர் கூச்சலில் தூங்க முடியாத கிழவரும் கிழவியும் காலையில் கடலோரச் சுவர்மீது உட்கார்ந்திருக்கிறார்கள். காமிரா அவர்களை அவசரப்படுத்துவதில்லை. பிள்ளைகள் தராத நேரத்தைப் படம் தருகிறது. இந்த நிதானத்துக்கு ஒரு தார்மீக அர்த்தம் இருக்கிறதென்றால் அது இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்தத் தாராளம் ஓஸுவினுடையது. பார்த்துக்கொண்டிருப்பதாலேயே அதை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறோம்.

படம் இதற்கு இடம் தரவில்லை. ஷிகே தாயின் மரணத்துக்கு உண்மையாகவே அழுகிறாள். கொஞ்ச நேரத்தில் தாயின் உடைகளை ஞாபகார்த்தமாகக் கேட்கிறாள். இரண்டும் ஒரே மனம்தான். கடைசி மகள் கோபப்படும்போது, ஷிகேக்காகப் பரிந்து பேசுகிறவள் நோரிகோ. மாமனார் அவளைப் புகழ்ந்ததும், தான் சுயநலக்காரி, இறந்த கணவனை நினைக்காத நாட்களும் உண்டு என்கிறாள். நேரத்தைக் கொடுத்த ஒரே ஆள், நல்லவள் என்ற பட்டத்தை மறுக்கிறாள். அவளுக்குக் கிழவர் கொடுப்பது இறந்த மனைவியின் கடிகாரம்.

நான் வங்கிக் குமாஸ்தா. நவம்பரில் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வருவார்கள். அந்தக் காட்சிக்கு மறுநாள் ஒரு பெரியவர், போன வருஷம் கூட வந்த மனைவி இப்போது இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். என் கண் அவர் தோளுக்குப் பின்னாலிருந்த வரிசையில் இருந்தது. “இங்க கையெழுத்துப் போடுங்க சார்” என்றேன். போட்டுவிட்டு எழுந்து போனார். காலி நாற்காலி, மேலே மின்விசிறி. ஓஸுவின் ஷாட் மாதிரியே இருக்கிறதே என்று ஒரு கணம் ரசித்தேன். அந்த ரசனை எனக்கே அருவருப்பாயிருந்தது.

வரிசையில் இருபது பேர் நின்றது பொய்யல்ல. ஒருவருக்கு அதிகம் கொடுக்கும் ஐந்து நிமிஷம் இன்னொருவரின் கால்வலியிலிருந்து எடுத்தது. ஷிகேக்கும் வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். இந்தச் சிக்கலை எந்தக் கலைப்படமும் தீர்த்துவைக்காது. தீர்ந்துவிட்டதாக நாம் பாவனை செய்வதைத் தடுக்கலாம். நல்ல படத்திடம் அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

அன்று பாதியில் எழுந்து போனவர்களில் யாருக்காவது வீட்டில் ஒருவர் காத்துக்கொண்டிருந்திருக்கலாம். சிரித்தபோது இது எனக்குத் தோன்றவில்லை.