உடலைச் சீர்செய்யும் கலையும் உயிர்க்குறுதியும்



உடல் வேறு, உயிர் வேறு என்பது நம் சமயத்தின் முதற்பாடம். உடல் நாமவினையால் அமைந்தது. அது நிற்கும் நாள் ஆயுள்வினையால் அளவிடப்பட்டது. அங்ஙனமாயின் நோயுற்ற உடலுக்கு மருந்து எதற்கு என ஒருவர் வினவலாம். நம் ஆசாரியர்கள் அவ்வாறு கருதவில்லை. உணவு, மருந்து, கல்வி, அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்து, மருந்தை அவற்றுள் ஒன்றாக வைத்தனர். நோன்பும் தவமும் இவ்வுடலைக் கொண்டே இயற்றப்படுவதால், பழுதுற்ற கருவியைச் சீர்செய்தல் குற்றமன்று. ஆயினும் எதனைக் கொண்டு சீர்செய்கிறோம், எதன்பொருட்டுச் சீர்செய்கிறோம் என்னும் இரு வினாக்களுக்கு நாம் விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதல் வினாவை என் தந்தையாரிடம் கற்றேன். நீரிழிவு நோயுற்ற அவர் 1960களில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் ஆராய்ந்து கண்ட அம்மருந்து, அந்நாளில் கொல்லப்பட்ட மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. மருத்துவர் வாயிலாக இதனை அறிந்த அன்று அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. மருந்தை நிறுத்தினால் உயிர் தங்காது; வீட்டிலோ குழந்தைகள் ஐவர். ஊசியைத் தொடர்ந்தார். ஆனால் ஒவ்வொரு குப்பி தீரும்போதும் ஒரு கட்டுப் புல் வாங்கி ஊர் மாடுகளுக்கு இடுவார். “இது கழுவாய் ஆகாது அம்மா, நான் மறந்துவிடாமல் இருப்பதற்கு” என்பார்.

1978இல் அமெரிக்க அறிவியலார், மனித இன்சுலினை ஆக்கும் மரபணுவை நுண்ணுயிரிக்குள் பொருத்தி, அதனைக் கொண்டே அம்மருந்தை உண்டாக்கினர். 1982இல் அந்நாட்டில் அது மருந்தாக ஏற்கப்பட்டது. தந்தையாரின் நோயே எனக்கும் வந்தது. ஆனால் நான் போட்டுக்கொள்ளும் ஊசிக்காக ஆடுமாடு எதுவும் கொல்லப்படுவதில்லை. நுண்ணுயிரியை ஓரறிவுயிராகக் கொண்டால் இதிலும் இம்சை உண்டு. அதனை மறைக்க வேண்டா. எனினும் இயங்கும் உயிர்களைக் கருதிக் கொல்லாமையும், நிலையுயிர்களிடத்தும் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யாமையும் இல்லறத்தார்க்குரிய அணுவிரதம். அவ்வகையில் இது பெரியதோர் ஏற்றம்.

எல்லாக் கலையும் இத்திசையிலேயே செல்லவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தை ஒருவர்க்குப் பொருத்தினர். அவர் ஏறக்குறைய இரண்டு திங்கள் வாழ்ந்தார். அந்நோயாளியின் துயரை நாம் இகழலாகாது. ஆயினும் உறுப்புக்காகவே ஓர் ஐயறிவுயிரை வளர்த்துக் கொல்லுதல், என் தந்தையார் புல் இட்டு நினைந்த அதே துயரமன்றோ?

இனி இரண்டாம் வினா. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்னும் முறை 2012இல் வெளிப்பட்டது. அரிவாள் வடிவ இரத்த அணு நோயால் வருந்துவோரின் குருதி மூல அணுக்களை எடுத்துத் திருத்தி, அவர்கட்கே மீளச் செலுத்தும் மருத்துவத்தைப் பிரிட்டனும் அமெரிக்காவும் 2023இல் ஏற்றன. பிறவி முதல் நோவுண்டவர்க்கு இது மருந்து. செய்வோர் கருணை பாராட்டத்தக்கது. ஆனால் 2018இல் சீனாவில் ஹ ஜியான்குய் என்பார், எய்ட்ஸ் கிருமி தொற்றாதிருக்க வேண்டுமெனக் கருமுளைகளின் மரபணுவைத் திருத்தி, இரட்டைப் பெண்மகவுகள் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். அக்கருமுளைகளுக்கு நோய் இல்லை. மாற்றமோ அவர்களின் வழித்தோன்றல்களையும் தொடரக்கூடியது. உலகம் அதிர்ந்தது; 2019இல் நீதிமன்றம் அவர்க்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது.

நோய் நீக்குதல் ஒன்று; விரும்பியவாறு உடலைப் புனைதல் மற்றொன்று. நம் ஆகமம் உடலை ஐவகையாகக் கூறும். அவற்றுள் வைக்ரியிக உடல் நினைத்த உருவம் கொள்ள வல்லது; தேவர்க்கு அது பிறப்பிலேயே வாய்க்கிறது. அத்தகைய உடல் பெற்றும் தேவர்கள் அவ்வுடலோடு வீடு எய்துவதில்லை. நரையும் நோயும் உடைய இம்மானிட உடலில் நின்றே வினையறுத்தல் கூடும். தேவர்க்கு விடுதலை தராத வனப்பை நாம் ஆய்வுக்கூடத்தில் தேடிப் பெறுவதால் பற்று வளருமேயன்றி வினை தேயாது.

அன்பர்களே, மருத்துவர் மருந்தெழுதும்போது, “இது எதிலிருந்து வருகிறது? மாற்று உண்டா?” என்று வினவ நாணாதீர்கள். மாற்று இருந்தால் அதனை ஏற்க. இல்லையெனில், அச்சத்தாலோ பிறர் பழிப்புக்கு அஞ்சியோ மருந்தைக் கைவிட்டு உயிரை இழவாதீர்கள்; பெற்ற நாளை அறத்தில் செலவிடுங்கள். நமக்காக வருந்திய உயிரையும் மறவாதீர்கள். இன்றும் நான் மருந்து வாங்கி வரும் வழியில் ஒரு கட்டுப் புல் வாங்குகிறேன்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!