பாட்டு இல்லாத படம்

எண்பதுகளில் பழவேற்காட்டுக் குப்பங்களில் கலியாணமோ காதுகுத்தோ நடந்தால் ராத்திரிக்கு டெக் எடுப்பார்கள். ஒரு டிவி, ஒரு டெக், மூன்று கேசட், விடிய விடியப் படம். பொன்னேரியிலிருந்து அந்த டிவியைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருமுறை எம்.ஜி.ஆரின் 'ரகசிய போலீஸ் 115' கேட்டனுப்பினோம். உறைக்குள் இருந்தது 'அந்த நாள்'. இரண்டும் உளவாளிப் படம்தானே என்று கடைக்காரர் நினைத்திருப்பார் போல.

கறுப்பு வெள்ளை. சிவாஜி வந்தார், வந்த வேகத்திலேயே சுடப்பட்டுச் செத்தார். "இன்னாடா, பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, மணலில் விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். 1954-ல் ஏவி.எம். தயாரித்து வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் பாட்டும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. வந்த புதிதிலும் அது சரியாக ஓடவில்லை. நான் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை. செத்துக் கிடப்பவன் ராஜன், ரேடியோ என்ஜினீயர். ஜாவர் சீதாராமன் சி.ஐ.டி.யாக வந்து வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரிக்கிறார். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் ஒரே சேதி சொன்னால் நம்பு என்கிறார் வள்ளுவர். இங்கே இரண்டு பேர்கூட ஒத்துப்போகவில்லை. ராஜன் ஜப்பானுக்குத் துப்புக் கொடுத்தவன் என்பதும், அவன் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கிதான் வெடித்தது என்பதும் முடிவில் தெரிகிறது.

பன்னிரண்டு வயதில் எனக்குத் துப்பாக்கிதான் பெரிதாகத் தெரிந்தது. போன வருஷம் பேரன் வாங்கிவந்த டிவிடியில் மறுபடி பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. ராஜன் பணத்தாசையில் கெட்டவனில்லை. தன் திறமையைச் சொந்த ஊர் மதிக்கவில்லையே என்று வெந்தவன். அந்தப் புண்ணுக்கு எவன் மருந்து போட்டானோ அவன் பக்கம் போய்விட்டான்.

அந்தப் புண் எனக்குத் தெரியும். எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்ன துறையில் இன்றைக்கு இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வது. அந்தக் கணக்கை நான் இரண்டு வருஷம் எழுதினேன். பிறகு ஒருநாள், "படிச்சவன் கணக்கு நமக்கு ஒத்துவராது" என்று நோட்டைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இறால் பண்ணைகள் பெருகிய காலம். ஒரு ஏஜெண்டு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார், "தம்பி, உன்ன மாதிரி ஆள் இந்த ஊர்ல யாரு?" என்றார். எந்த நிலத்துக்குப் பட்டா இல்லை, கேட்டால் யார் எதிர்ப்பார்கள், யார் மாட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இன்றைக்கு மனசு கொஞ்சம் இலேசாக இருந்திருக்குமோ என்னவோ.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது ஊரே அதைப் பேசியது. நானும் கூட்டத்தில் நின்று தலையாட்டினேன். யார் துப்புக் கொடுத்தது என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். என் பெயரை யாரும் சொல்லவில்லை. 'துப்புக் கெட்டவன்' என்று எங்கள் பக்கம் திட்டுவார்கள். துப்புக் கொடுத்தவனுக்கு என்ன பெயரோ.

டிவிடி முடிந்தது. உஷாவுக்காக என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ இன்னா செய்வா பாவம், கூடவே இருந்தும் தெரியலியே" என்றவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா, பேசாம இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு பாட்டுகூட இல்ல பாரு" என்றேன்.