படலைக்கு வெளியே நிற்கும் அப்பம்மா

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தகப்பனை இழந்தவர்கள் விரலில் தர்ப்பையும் உள்ளங்கையில் எள்ளும் தண்ணீருமாக நிற்பார்கள். ஐயர் தகப்பன் பெயரோடு விடமாட்டார். அப்பப்பா பெயர் என்ன, பூட்டன் பெயர் என்ன என்று கேட்பார். மூன்று தலைமுறைக்குத் தண்ணீர் வார்க்கும் அதே ஊரில்தான், உயிரோடு இருக்கிற அப்பப்பாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்டாத வீடுகளும் இருக்கின்றன.

பேரன் என்பது பெயரன். பாட்டனின் பெயரைச் சுமப்பவன். ஈழத்துப் பழைய பேச்சில் பாட்டனையும் பேரன் என்றே சொன்னார்கள். ஒரே சொல்லுக்குள் இருந்த இரண்டு பேர் இன்று வக்கீல் வைத்துப் பேசுகிறார்கள்.

மட்டக்களப்பில் இந்தத் துயரத்துக்குத் தனி முகம் உண்டு. இங்கே குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியில் வரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். 1876இல் பிரிட்டோ என்பவர் நூலாகத் தொகுத்த, முக்குவர் சமூகத்தின் சட்டமும் தாய்வழி உரிமையைத்தான் பேசுகிறது. ஆகவே அம்மம்மா பெரும்பாலும் அதே வளவில், அல்லது அடுத்த வளவில் இருப்பார். அப்பம்மா வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருப்பார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, அந்த வழியில் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறித்தான் அவர் பேரனைப் பார்க்க வரவேண்டியிருந்தது. இப்போது பாலம் இருக்கிறது. ஆனாலும் சீதனக் காணியிலோ, சபையில் விழுந்த ஒரு சொல்லிலோ பகை மூண்டுவிட்டால், தயிர் முட்டியைத் துணியில் கட்டிச் சுமந்து வந்த கிழவி தகரப் படலைக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே பிள்ளையின் சத்தம் கேட்கிறது. படலை திறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் பிள்ளையின் பாதுகாவல் பற்றிய வழக்குகள் பெரும்பாலும் ரோமன் டச்சுச் சட்டத்தின் வழி நடக்கின்றன. நீதிமன்றமே பிள்ளைக்கு மேலான பாதுகாவலர்; பிள்ளையின் நலனே முதலில் பார்க்கப்படும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு, அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள பராமரிப்புச் சபைக்குப் போகலாம். சோற்றுக்கு வழி இருக்கிறது. பேரனோடு ஒரு பின்னேரம் இருக்க அந்த வழியில் கேட்க முடியாது.

அமெரிக்காவில் ட்ராக்ஸல் என்ற முதிய தம்பதி கேட்டுப் பார்த்தார்கள். 1993இல் மகன் இறந்தான். அவன் பெற்ற இரண்டு பெண் பிள்ளைகளை மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் தங்களோடு தங்கவைக்க வேண்டும் என்றார்கள். தாய் அடியோடு மறுக்கவில்லை. மாதம் ஒருமுறை போதும் என்றாள். 2000இல் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது. தகுதியுள்ள பெற்றோரின் முடிவுக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. இந்தியாவில் 2022இல் வந்த தீர்ப்பு வேறு. கொரோனாவில் தாயையும் தகப்பனையும் இழந்த அகமதாபாத் சிறுவனை, தாயின் சகோதரியிடமிருந்து அப்பப்பா, அப்பம்மாவிடம் ஒப்படைத்தது அங்குள்ள உச்ச நீதிமன்றம். அங்கே பெற்றோர் இல்லை. பெற்றோர் இருவரும் உயிரோடு, ஒன்றாக வாழும் வீட்டில் வழக்கு வெல்வது கடினம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்; வளர்க்கிறவர்கள் அவர்கள்தானே.

சட்டம் காட்டாத வழியை அறிய, பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தைப் பாருங்கள். மகாபலி வருண பாசத்தால் கட்டுண்டு கிடக்கும்போது பாட்டன் பிரகலாதன் வருகிறான். எழுந்து வணங்க முடியாமல் பேரன் கண்ணீரோடு தலை குனிகிறான். பாட்டன் அங்கே நியாயம் பிரிக்கவில்லை, யாரையும் ஏசவில்லை. கொடுத்தவனும் நீ, எடுத்தவனும் நீ என்று வாமனனாக வந்த பெருமானை வணங்கினான். முடிவில் பெருமான் அவனுக்குச் சொன்னது, உன் பேரனோடு சுதலத்துக்குப் போய் மகிழ்ந்திரு என்பதுதான். வைகுண்டத்துக்குத் தகுதியான பக்தனுக்கு இறைவன் கொடுத்தது, பேரனோடு சேர்ந்திருக்கும் காலம்.

பெரியவர்களே, பிரகலாதனைப் போல வாருங்கள். மருமகளின் சமையலையும் வளர்ப்பையும் குறை சொல்லிக்கொண்டு வராதீர்கள். பிள்ளையின் காதில் தாயைப் பற்றி ஒரு சொல்லும் போடாதீர்கள். பெற்றோரே, பகை இருந்தால் அது உங்களோடு இருக்கட்டும். ஊரில் மத்தியஸ்த சபை இருக்கிறது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் இருக்கிறார். வழக்குத் தாக்கல் செய்யுமுன் அங்கே போய் உட்காருங்கள். வருகிற ஆடி அமாவாசைக்கு முன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய் வாருங்கள்.