குதிரையும் குடற்புழுவும்

ஒரு குதிரையின் குடலில் வாழும் புழுக்களை மருந்திட்டுக் கொல்வது ஜீவகாருண்யமா, ஜீவஹிம்சையா என்னும் வினா, மேற்போக்காகப் பார்ப்போருக்கு வீண் விவகாரமாகத் தோன்றினும், அஹிம்சையைப் பரம தர்மமாகக் கொண்டோர் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. புழுவைத் தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டுமே உடைய ஈரறிவுயிராகவும், குதிரையை ஐம்புலன்களோடு மனமும் வாய்ந்த உயிராகவும் வகுத்த சமண சாஸ்திரம், உயர்ந்த உயிரை வதைப்பதில் பாவம் மிகுதி என்று கருதினும், தாழ்ந்ததைக் கொல்வது பாவமே அன்று என ஒருபோதும் கூறவில்லை.

எனினும், இரத்தம் உறிஞ்சும் பெரும்புழுவின் இளம்பருவங்கள் குடலுக்கு இரத்தம் செலுத்தும் தமனியின் சுவரைப் புண்ணாக்கி, குதிரையை வயிற்று வலியால் துடிதுடித்து மாளவும் செய்யக்கூடுமாகையால், நாம் அடைத்த வேலிக்குள் நின்று, புதிய மேய்ச்சல் நிலம் தேடிச் செல்லும் சுதந்திரத்தை நம்மாலேயே இழந்த அப்பிராணிக்கு மருந்தை மறுப்பதும் ஹிம்சையே யாகும்.

1981-இல் கால்நடைகளுக்கென வழக்கிற்கு வந்த ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லி மருந்து இத்துன்பத்தைப் பெரிதும் தணித்தது. ஆயினும், லத்தியிலுள்ள புழு முட்டைகளை எண்ணிப் பாராமல், எல்லாக் குதிரைகளுக்கும் ஓயாமல் பூச்சி மருந்து புகட்டி வந்தால், மருந்துக்கு அடங்காத புழுக்களே பெருகும் என்று எச்சரிக்கும் விஞ்ஞானம், மிதமிஞ்சிய கொலை பயனற்றது என்னும் அறத்தின் முடிபையே தன் வழியில் வந்தடைகிறது. ஆகவே, அவசியமின்றிக் கொல்லாமையும், அவசியம் நேர்ந்தவிடத்துத் தயங்காமையுமே குதிரை வளர்ப்போனுக்குரிய தர்மம்.